மத்தியான ரீடிங்

அப்பா கோயம்புத்தூரில் ஒரு துணி மில்லில் 31 வருஷம் பாய்லர் பார்த்தவர். சாயப் பிரிவுக்கு ஆவி கொடுக்கிற பாய்லர். யார் வீட்டுக்குப் போனாலும் நலம் விசாரித்த கையோடு "உங்க பக்கம் தண்ணி எப்படிங்க?" என்று கேட்பார். குடிக்கக் கொடுத்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அம்மாவுக்கு மானம் போகும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு, போர்த் தண்ணீர் வரும் வீடு என்றுதான் சொந்தக்காரர்களை அவர் பிரித்து வைத்திருக்கிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம்.

2018இல் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து இருபது வருஷமாகப் பார்த்த வேலை. அம்மா போன பிறகு தனியாக இருந்தவரை 2019 ஆரம்பத்தில் சென்னைக்கு என்னோடு கூட்டி வந்தேன். வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் ஒரு டயாலிசிஸ் மையம் இருந்தது. முதல் நாள் எல்லோரையும் போல நானும் மெஷினைத்தான் பார்த்தேன். புதுசா, என்ன கம்பெனி, விரிப்பு சுத்தமா, ஏசி ஓடுகிறதா. அப்பா சிஸ்டரிடம் கேட்ட முதல் கேள்வி வேறு.

"தண்ணி எங்கிருந்துங்க வருது?"

"கேன் தண்ணிதாம்பா. ஆனா உங்களுக்கு அளவு உண்டே, பார்த்துக் குடிங்க."

"குடிக்கறதுக்கு இல்லீங்க. இதுக்கு." மெஷினைக் காட்டினார்.

சிஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் அசடு வழியச் சிரித்துவைத்தேன். அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரியப் பல மாதங்கள் ஆயின.

அன்று படுத்தபடியே அவர் ஒரு கணக்குப் போட்டார். டயலைசர் என்கிற அந்தக் குழாய்க்குள் நூல் போல மெல்லிய ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. இழைக்குள்ளே ரத்தம் ஓடும். வெளியே, எதிர்த் திசையில், உப்புகள் கலந்த நீர் ஓடும். கழிவுகள் சவ்வைத் தாண்டி நீருக்குப் போய்விடும். அந்த நீர் நிமிஷத்துக்கு 500 மில்லி ஓடுகிறது என்று டெக்னீஷியன் சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர். வாரத்துக்கு மூன்று முறை என்றால் 360 லிட்டர். நாம் வாரம் முழுக்கக் குடிப்பது பதினாலு லிட்டர் இருந்தால் அதிகம், அதுவும் வயிறு, குடல், ஈரல் என்று மூன்று காவல் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போகிறது. இங்கே ஒரே ஒரு சவ்வு. கழிவு அந்தப் பக்கம் போகும் அதே வழியில், தண்ணீரில் வேண்டாதது இருந்தால் இந்தப் பக்கம் வந்துவிடும்.

"ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல குடிக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆனா 120 லிட்டரை ரத்தத்துக்குப் பக்கத்துல ஓட்டறாங்க, பாத்தியா அம்மிணி" என்றார்.

மூன்றாவது வாரம் டெக்னீஷியன் தம்பியோடு ராசியாகி, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. ரூமைப் பார்த்துவிட்டு வந்தார். நானும் கூடப் போனேன். பொதுவாக யாரும் எட்டிப் பார்க்காத அறை. கழிவறைக்குப் பின்னால், இன்வெர்ட்டர் பேட்டரிகளுக்குப் பக்கத்தில், ஈரமும் இரைச்சலுமாக இருந்தது. அப்பாவுக்கோ பழைய சிநேகிதரைப் பார்த்த மாதிரி. மணல் ஃபில்டர், கரி ஃபில்டர், தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர், அப்புறம் ஆர்.ஓ. சவ்வுகள், அங்கிருந்து எல்லாப் படுக்கைக்கும் சுற்றிவரும் குழாய். சாஃப்ட்னர் தொட்டிக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை. "எங்க மில்லுலயும் இதேதான் தம்பி. உப்புப் போட்டு ரீஜெனரேட் பண்ணாம விட்டா ட்யூப்ல சுண்ணாம்பு கட்டிக்கும்." மனிதருக்குச் சுண்ணாம்பு கட்டாது. ஆனால் சாஃப்ட்னர் செத்து, ஆர்.ஓ. சவ்வும் கெட்டுப்போய், கால்சியமும் மக்னீசியமும் அப்படியே ரத்தத்துக்கு வந்தால் வாந்தி, தலைவலி, எகிறும் பி.பி. என்று படுத்தி எடுத்துவிடும்.

கரி ஃபில்டர் அங்கே இரண்டு இருந்தது, ஒன்றன் பின் ஒன்றாக. மில்லில் ஒன்றுதானாம். ஏன் இரண்டு என்று அப்பா கேட்டதற்குத் தம்பி சொன்ன பதில்தான் அன்றைக்கு எங்களுக்குப் பாடம். கிருமிகளைக் கொல்ல நகராட்சியோ லாரிக்காரரோ போடும் குளோரினும், அதிலிருந்து உண்டாகும் குளோரமினும் குடித்தால் பெரிய கேடில்லை. ரத்தத்தோடு நேராகச் சேர்ந்தால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குளோரமினை ஆர்.ஓ. சவ்வு நம்பும்படி தடுக்காது. கரிதான் தடுக்க வேண்டும். கரி எப்போது களைத்துப்போகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் இரண்டு: முதல் தொட்டிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு குழாய் வைத்து, அங்கே தண்ணீர் பிடித்து ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்னும் சோதிப்பார்கள். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போனால் முதல் தொட்டி முடிந்தது என்று அர்த்தம். இரண்டாவது தாங்கிக்கொண்டிருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

இந்த எண்கள் யாரோ மேஜையில் உட்கார்ந்து யோசித்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஆட்கள் செத்திருக்கிறார்கள். கலங்கல் தண்ணீர் தெளிய எங்கள் பாட்டி பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பாள். நகரங்களில் படிகாரம் போடுவார்கள். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது. 1970களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்குப் பேச்சு குழறியது, நினைவு தப்பியது, எலும்புகள் பொலபொலவென்று முறிந்தன. காரணம் தண்ணீரில் இருந்த அலுமினியம் என்று கண்டுபிடிக்க வருஷங்கள் பிடித்தன. இன்று அதற்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். 1993 ஜூலையில் சிகாகோவில் ஒரு மருத்துவமனையில், அயனிகளைப் பிடிக்கும் தொட்டி நிரம்பிப்போய், அதுவரை பிடித்துவைத்திருந்த ஃபுளோரைடை மொத்தமாகத் தண்ணீரில் விட்டுவிட்டது. 12 பேர் நோயில் விழுந்தார்கள், 3 பேர் இறந்தார்கள். நல்ல ஊர், நல்ல மருத்துவமனை, மாற்ற வேண்டிய நாளில் மாற்றாத ஒரு தொட்டி.

சரி, சென்னைக்கு வருகிறேன்.

2019 கோடையை இந்த ஊரில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய வருஷம் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிவிட்டது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, 25 லட்சம் லிட்டர். எங்கள் குடியிருப்பில் லாரி வரும் சத்தம் கேட்டால் ராத்திரி இரண்டு மணிக்கும் ஆட்கள் எழுந்தார்கள். டயாலிசிஸ் மையத்தின் வாசலிலும் லாரி நின்றது. ஒரு நாள் ஒரு லாரி, மறுநாள் வேறு லாரி. ஒருவர் எந்தக் கிணற்றில் எடுத்தார், இன்னொருவர் ப்ளீச்சிங் பவுடரைக் கையால் அள்ளி எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஜூன் மாதத்தில் ஒரு நாள். அப்பாவுக்குக் காலை ஷிப்ட், ஆறு மணிக்கு ஏற்றிப் பத்தரைக்கு இறக்கியிருந்தார்கள். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆர்.ஓ. ரூம் வரை நடந்து போனார். வெளியே ஆணியில் ஒரு நோட்டு தொங்கும்: தேதி, ஷிப்ட், குளோரின், கடினத்தன்மை, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு), கையெழுத்து. அதைப் புரட்டிவிட்டுத் திரும்பி வந்து, ஆட்டோவில் ஏறும் வரை ஒன்றும் பேசவில்லை. பாதி வழியில் சொன்னார்.

"மத்தியான ரீடிங்கைக் காலையிலயே எழுதி வெச்சிருக்காங்க அம்மிணி. சாயங்காலத்துதுங்கூட எழுதியாச்சு."

எனக்கு ரத்தம் கொதித்தது. அன்றே போய் மேனேஜரைப் பிடிக்கிறேன், எழுதிப் போடுகிறேன் என்று குதித்தேன். அவர் கையமர்த்தினார்.

"நானும் எழுதியிருக்கேன்."

மில்லில் ராத்திரி ஷிப்டில் மணிக்கொரு தரம் தண்ணீர் மட்டமும் அழுத்தமும், ஷிப்டுக்கு ஒரு தரம் தண்ணீரின் கடினத்தன்மையும் பார்த்து எழுத வேண்டுமாம். இரண்டு ஆள் வேலையை ஒருவரே பார்த்த நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்கு உட்கார்ந்து ராத்திரி முழுதுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறார். முந்தைய நாள் எண்களைப் பார்த்து, அங்கங்கே ஒரு புள்ளி கூட்டிக் குறைத்து. "ஒரே மாதிரி எழுதினா இன்ஜினீயர் கண்டுபுடிச்சுருவாரு." ஒரு முறை சாஃப்ட்னர் இரண்டு நாளாக வேலை செய்யாததை அந்தப் பொய் எண்கள் மறைத்துவிட்டன. பிறகு பாய்லரைத் திறந்தபோது குழாய்களில் சுண்ணாம்பு கட்டியிருந்தது. யாருக்கும் காயமில்லை, ஒரு வாரம் மில் நின்றது. இதை எங்கள் யாரிடமும் அவர் அதுவரை சொன்னதில்லை.

அதனால்தான் அவர் மேனேஜரிடம் போகவில்லை. அடுத்த முறை போனபோது தம்பியிடம்தான் பேசினார். திட்டவில்லை. பாய்லர் கதையைச் சொன்னார். தம்பி முதலில் மழுப்பி, அப்புறம் கண் கலங்கிவிட்டான். எட்டு மெஷினுக்கு அவன் ஒருவன். ஒரு ஷிப்டை இறக்கி அடுத்த ஷிப்டை ஏற்றுவதற்குள் மெஷினைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும், டயலைசர்களைக் கழுவ வேண்டும், இதற்குள் ஒருவருக்கு பி.பி. இறங்கும், இன்னொருவருக்குக் கையில் வீங்கும். குளோரினைச் சோதிக்கும் பட்டைகள் தீர்ந்துபோய் நான்கு நாளாகிறது. கேட்டால் அடுத்த மாத ஆர்டரில் வரும் என்கிறார்கள். எழுதாமல் விட்டால் ஏன் எழுதவில்லை என்று கேட்பார்கள். எழுதிவிட்டால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

தர விதிமுறை என்று தடித்தடியாகப் புத்தகம் போடுகிறவர்கள் இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் யோசிக்கலாம். எழுதினானா என்று பார்க்கும் இடத்தில் எழுத மட்டும்தான் செய்வார்கள்.

பட்டைகளை அந்த மாதம் நானே வாங்கிக் கொடுத்தேன். அது சரியா தப்பா என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். மையம் செய்ய வேண்டிய செலவை நோயாளி வீட்டார் செய்தால் மையம் என்றைக்கு மாறும்? ஆனால் அன்றைக்கு லாரி வாசலில் நின்றது, அப்பா உள்ளே படுத்திருந்தார். முதல் பட்டையை நனைத்தபோது இரண்டு தொட்டிக்கும் நடுவில் நிறம் ஏறியே இருந்தது. இரண்டாவது தொட்டிக்குப் பின்னால் நிறம் இல்லை. ஒரு தொட்டியின் தயவில்தான் எட்டுப் பேரும் அத்தனை நாள் படுத்திருந்திருக்கிறோம். அதைக் காட்டிய பிறகு நிர்வாகம் நான்கே நாளில் கரியை மாற்றியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்களில்தான், காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கைபேசியில் படித்தது, கருவாரு. பிரேசிலின் வடகிழக்கில், பெர்னாம்புகோ மாநிலத்தில் உள்ள ஊர். 1996 பிப்ரவரியில் அங்கே ஒரு டயாலிசிஸ் மையத்தில் சிகிச்சை முடிந்து எழுந்தவர்களுக்குப் பார்வை மங்கியது, குமட்டியது, வாந்தி வந்தது. 116 பேருக்கு. பிறகு ஈரல் செயலிழக்கத் தொடங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீர்த்தேக்கத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகியிருந்தது. அது சுரக்கும் மைக்ரோசிஸ்டின் என்கிற நஞ்சு ஈரலைத் தாக்கும். மையத்துக்கு அந்தத் தண்ணீர் லாரியில் வந்திருந்தது, முறையாக வடிகட்டாமல், குளோரின் போடாமல். மையத்தின் சொந்த ஃபில்டர்களும் அதைத் தடுக்கவில்லை.

அந்த ஊரில் இன்னொரு டயாலிசிஸ் மையமும் இருந்தது. அதற்கும் அதே நீர்த்தேக்கத்துத் தண்ணீர்தான். ஆனால் சுத்திகரித்து, வடிகட்டி, குளோரின் போட்டு வந்தது. அங்கே ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டார். "லாரியா?" என்றார். ஆமாம் என்றேன். "செத்த பிறகு என்ன பண்ணாங்க?" அந்த வருஷமே பிரேசில் அரசு டயாலிசிஸ் மையங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது, 1998இல் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் மைக்ரோசிஸ்டினுக்கு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்று வரம்பு சொன்னது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அவர் காலத்தில் பாய்லருக்கு 1923ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை பாய்லர் இன்ஸ்பெக்டர் வருவார். நிறுத்தி, ஆறவைத்து, திறந்து, உள்ளே விளக்கடித்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் மறுபடி மூட்ட முடியும். பாய்லர் பார்க்கிறவருக்கும் தேர்வு வைத்துச் சான்றிதழ். இத்தனையும் ஏன் என்றால் பாய்லர் வெடித்தால் ஊருக்கே தெரியும். டயாலிசிஸ் தண்ணீர் சத்தமில்லாமல் கெடும். ஹீமோகுளோபின் ஏறாது, ரத்தம் ஊறப் போடும் ஊசியின் டோஸைக் கூட்டுவார்கள். குளிர் நடுக்கம் வரும், ஏசி ஜாஸ்தி என்பார்கள். பாக்டீரியா ஒரு மில்லியில் 100க்குக் கீழ், பாக்டீரியா விட்டுச்செல்லும் நஞ்சான என்டோடாக்சின் 0.25 அலகுக்குக் கீழ் என்று சர்வதேசத் தரம் சொல்கிறது. நாங்கள் போன இரண்டரை வருஷத்தில் வெளியிலிருந்து ஒருவர் வந்து அந்த அறையைத் திறந்து பார்த்ததை நான் கண்டதில்லை.

தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், அது அப்பாவின் பித்து. எனக்கு வேறு சில கவலைகள் இருந்தன. டயலைசரைக் கழுவி மறுபடி அவரவருக்கே பயன்படுத்துவது நம் ஊரில் சாதாரணம். முறையாகச் செய்தால் அதில் தவறில்லை. இழைகளின் கொள்ளளவு முதலில் இருந்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தூக்கிப் போட வேண்டும், மாட்டுவதற்கு முன் உள்ளே ஊறிய கிருமிநாசினி முற்றிலும் போய்விட்டதா என்று சோதிக்க வேண்டும். ஆனால் எங்கள் மையத்தில் அப்பாவின் பெயரிலேயே இன்னொருவர் இருந்தார், இனிஷியல் மட்டும் வேறு. ஒரு நாள் அவருடைய டயலைசர் அப்பாவின் தட்டில் வந்துவிட்டது. மாட்டுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அப்பாதான் பார்த்தார். அன்றிலிருந்து லேபிளைத் தானே உரக்கப் படித்த பிறகுதான் கையை நீட்டுவார். சிஸ்டர்களுக்கு அது விளையாட்டாகி, அவரைப் பார்த்ததுமே "இனிஷியலோட படிச்சிடுங்கப்பா" என்பார்கள்.

ஹெப்படைடிஸ் சி வந்த ஒருவரும் அங்கே இருந்தார். மையத்தில் சேரும்போது அவருக்கு அது இல்லை. எல்லோரும் அவருடைய மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு நிம்மதியானார்கள். மெஷினா நடந்துபோய்த் தொற்றவைக்கிறது? ஒருவரின் கையைத் தொட்ட அதே கையுறையோடு அடுத்தவரின் குழாயைத் திருகுவதை, படுக்கைக்குப் படுக்கை போகும் ஒரே டிராலியில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரினை ஒரே குப்பியிலிருந்து எல்லோருக்கும் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஹெப்படைடிஸ் பி இருப்பவருக்குத் தனி மெஷின் வேண்டும்தான், மற்றவர்களுக்குத் தடுப்பூசியும் வேண்டும், அதுவும் இரட்டை டோஸ். சி-க்குத் தடுப்பூசி கிடையாது. கையுறையை மாற்றுவதும் கை கழுவுவதும்தான்.

நேரத்தில் மட்டும் குற்றவாளி மையம் அல்ல, அப்பாதான். நான்கு மணி நேரத்தில் கடைசி அரை மணி அவரால் படுக்க முடியாது. "எடுத்து உட்ருங்க கண்ணு" என்று சிஸ்டரிடம் கெஞ்சுவார். அடுத்த ஷிப்டுக்கு அவசரம், அவர்களும் எடுத்துவிடுவார்கள். உடம்பில் ஏறிய நீரை எவ்வளவு வேகமாக உறிஞ்சலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: கிலோ எடைக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 58 கிலோ மனிதருக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர். கல்யாண வீட்டு ரசத்தையும் பாயசத்தையும் ஒரு கை பார்த்துவிட்டு மூன்றரைக் கிலோ ஏற்றிக்கொண்டு போய், அதை மூன்றரை மணியில் எடு என்றால் கெண்டைக்காலில் குரக்குவலி வராமல் என்ன செய்யும்? பி.பி. தொபுக்கென்று விழும். எத்தனையோ நாள் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். தண்ணீரைப் பற்றி அத்தனை தெரிந்தவருக்கு ரசமும் தண்ணீர்தான் என்பது மட்டும் கடைசி வரை உறைக்கவில்லை.

2021 செப்டம்பரில் அப்பா தூக்கத்தில் போய்விட்டார். இதயம் என்றார்கள்.

அவருடைய பையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. மில் லாக் புத்தகம் போலவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டங்கள் பிரித்திருந்தார்: தேதி, போகும்போது எடை, வரும்போது எடை, பி.பி., எத்தனை மணி நேரம். கடைசிக் கட்டத்தின் தலைப்பு "குளோ." தம்பி அன்றன்று காட்டிய பட்டையைப் பார்த்து அதில் எழுதியிருக்கிறார். 2020இல் ஊரடங்கு நாட்களில்கூட ஒன்றும் விடவில்லை. ஒரே ஒரு தேதியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. அதற்கு எதிரே, ஓரத்தில், பொடி எழுத்தில்: "கேட்கவில்லை. தூங்கிவிட்டேன்."